சூசையப்பருக்கு நேர்ந்த லீலி

லீலிச் செடியில் ஆலிஸ் கண்ட புழுக்கள் பார்க்க என்னவோ அழகாகத்தான் இருந்தன. கறுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளி, இடையிடையே சிவப்புப் பொட்டு. ஆனால் அவை மேய்ந்தது சூசையப்பருக்கு நேர்ந்துவிட்ட செடியை! இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமலே போயின. மூன்றாவது தரித்ததும், தன் கையால் வளர்த்த முதல் லீலியைத் திருநாளன்று, ஒரு கையில் குழந்தை ஏசுவும் மறுகையில் லீலியுமாக நிற்கும் அவர் பாதத்தில் வைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

பக்கத்துத் தொட்டிக் கத்தரியை அந்தப் புழுக்கள் திரும்பியும் பார்க்கவில்லை. அவற்றுக்கு லீலிதான் சோறு. நசுக்கிப் போடலாமென்றால், அடுத்த வீட்டுக் கெங்கம்மா பதறினாள்.

"புள்ளத்தாச்சி கையால ஒரு உசுரு போவக் கூடாதும்மே. உன் புருசனும் கொல்லக் கூடாது."

ஆலிஸ் அவற்றை இலையில் ஏந்திச் சுவருக்கு அப்பால் விட்டாள். மறுநாள் இலையடியிலிருந்து புதிதாகக் கிளம்பின. மொட்டையும் தின்று, தண்டை மொட்டையாக்கிவிட்டு, ஒருநாள் எல்லாம் மாயமாயின. செடி போனது போல் இதுவும் போய்விடுமோ? அன்று முதல் வயிற்றில் கை வைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

துறைமுகத்தில் கரி சுமக்கும் அவள் புருஷன் இக்னேஷியஸுக்கு அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"மார்க்கெட்ல ஒரு பூவ வாங்கினு வரேன்மே. சாமி இன்னா, கண்டுபுடிக்கவா போறாரு?"

"தச்சருய்யா அவரு. ஒட்டுவேல பண்ணா தெரியாதா? தொட்டில கீறத எடுத்துனு போறேன்."

திருநாள் காலையில் மொட்டைத் தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு இக்னேஷியஸோடு கிளம்பினாள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். கோயில் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது தொட்டி மண் அசைந்தது. கசங்கிய துணித்துண்டு போல ஒன்று மேலே வந்து, தட்டுத்தடுமாறித் தண்டின் முனைக்கு ஏறியது.

"அய்ய, அந்தப் புழுவா இது!" என்றான் இக்னேஷியஸ். "இத்தினி நாளா மண்ணுக்குள்ளயா இருந்துச்சி?"

உள்ளே பூசை மணி அடித்தது.

"எழுந்துரு, நேரமாச்சி."

"இருய்யா. றெக்க காயட்டும்."

கடல் காற்று அடிக்காமல் முந்தானையால் மறைத்துப் பிடித்தாள். சுருங்கிக் கிடந்த சிறகுகள் விரிய விரியச் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகப் பொட்டுகள் தெரிந்தன. முந்தானையைப் பிடிக்காத கை, அவளை அறியாமலே, வயிற்றின் மேல் போய் அமர்ந்திருந்தது.