திங்கட்கிழமை முட்டிக்கொள்ளும் நாய்

காலை ஏழு மணிக்குக் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார். விளக்கைப் போட்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பனியனோடு சாமான்களை நகர்த்த ஆரம்பித்தார். வாசலில் நின்ற சாப்பாட்டு மேசை உள்ளே போனது. உள்ளே கிடந்த கட்டில் வாசலுக்கு வந்தது. இடது சுவரோரம் இருந்த இரண்டு அலமாரிகள் வலது பக்கம் போயின.

அது பழைய மரச்சாமான் கடை. மூன்று நாள் ஒரே இடத்தில் நிற்கும் சாமானை யாரும் சீண்ட மாட்டார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. இடம் மாற்றி வைத்தால், நேற்றுப் பார்த்தவன்கூடப் புதுச் சரக்கு என்று நினைத்து நிற்பான். பதினெட்டு வருடமாக, ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லாக் காலையும் இதே வேலைதான். அரை மணி நேரம். பிறகு தேநீர்.

ஏழரைக்கு நாய் வந்தது. கடைக்குப் பின்னால்தான் வீடு. பின்வாசலில் நுழைந்து, கடையைக் கடந்து, முன்படியில் போய்ப் படுப்பது அதன் வழக்கம். படியேறும் யாரையும் முகர்ந்து பார்க்காமல் உள்ளே விடாது என்பதால் அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். வயது பன்னிரண்டு.

அன்று அது நேராக வந்து கட்டில் காலில் முட்டியது. பின்வாங்கித் திரும்பியதில் ஸ்டூல் சாய்ந்தது. ஸ்டூல் மேலிருந்த தேநீர்க் கோப்பை உடைந்தது. கடைக்காரர் ஓரமாகக் கிடந்த ஒரு நாற்காலிக் காலை எடுத்து அதன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். நாய் வீறிட்டது. ஓடப் பார்த்து அலமாரியில் முட்டியது. இன்னோர் அடி விழுந்தது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த பாலிஷ்காரர் தலையைத் தூக்கினார். "இன்ஸ்பெக்டருக்கு வயசாயிடுச்சுண்ணே. பென்ஷன் குடுத்து அனுப்பிடுங்க."

"பென்ஷனா? நேத்து நீ பாக்கலையே. லீவு நாளு. என்னா நடை! நேரா தண்ணித் தொட்டி, நேரா வாசப்படி. ஒரு இடத்துல இடிக்கல. இன்னிக்குத் திங்கக்கிழமை. வேலைன்னதும் முட்டிக்குது. திமிருய்யா. சுத்தத் திமிரு."

பாலிஷ்காரர் சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே அப்படி நம்பினார்.

பின்வாசலில் உட்கார்ந்து நாற்காலிக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்தாள். நாயின் கழுத்தைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அதன் சோற்றுத் தட்டை ஒரு முழம் தள்ளி வைத்தால் அது வெறும் தரையை நக்குவதை அவள் இரண்டு மாதமாகப் பார்த்து வந்தாள்.

"அதுக்குக் கண்ணு தெரியலைங்க."

"ஞாயித்துக்கிழமை மட்டும் தெரியுதாக்கும்?"

அவளுக்கும் அதுதான் புரியவில்லை.

முதலில் திட்டு. பிறகு உதை. பிறகு நாற்காலிக் கால். இப்படித்தான் அந்த வருடம் படிப்படியாக ஏறியது. நாய் மூலையில் ஒண்டிச் சிறுநீர் கழிக்க ஆரம்பித்தது. அதற்கும் அடி. சத்தமில்லாமல் தொட்டால் உறுமியது. அதற்கும் அடி. அடிக்க அடிக்க நாய் இன்னும் அதிகமாக முட்டியது. தன் அடி போதவில்லை என்று கடைக்காரர் நினைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை ஆள் உயரக் கண்ணாடி பதித்த ஓர் அலமாரியை அவர் நடைபாதையின் குறுக்கே நிறுத்தினார். படியேறுகிறவர்கள் முதலில் தங்கள் முகத்தைப் பார்க்கட்டும் என்பது எண்ணம். முந்தின நாள் முழுக்க எதிலும் முட்டாமல் நடந்த தைரியத்தில் நாய் அன்று கொஞ்சம் வேகமாகவே வந்தது.

கண்ணாடி முழுவதும் அதன் தலைமேல் கொட்டியது.

மூக்கிலும் காதிலும் ரத்தம் வடிய, சில்லுகளை மிதித்து அது சுற்றிச் சுற்றி வந்தது. கடைக்காரர் அதைச் சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே ஒதுக்கி அடித்தார். முதுகில் அடித்தார். இடுப்பில் அடித்தார். ஐந்தாவது அடியோ ஆறாவது அடியோ, நாய் காற்றில் வாயைத் திறந்து மூடியது. வாயில் அகப்பட்டது அவர் கை. கட்டைவிரலுக்குக் கீழே பல் எலும்புவரை போயிற்று.

கையை உதறி விடுவித்துக்கொண்டு அவர் ஆணி பிடுங்கும் இரும்புக் கம்பியை எடுத்தார். மனைவி ஓடிவந்து நாய்மேல் குனிந்தாள். கம்பி அவள் தோளில் இறங்கியது. மரம் முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. அவர் அவளைக் காலால் தள்ளிவிட்டு மறுபடி ஓங்கினார். பாலிஷ்காரர் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். இருவரும் நாற்காலிகளின்மேல் விழுந்தார்கள்.

"விடுடா! இன்னிக்கு இத கொல்லாம விட மாட்டேன்."

"அண்ணே, அண்ணிமேல பட்டுடுச்சுண்ணே! கண்ணைத் திறந்து பாருங்க!"

"குறுக்க யாரு வரச் சொன்னா?"

அவள் இடது கை தொங்கியது. வலது கையால் சாக்கை இழுத்து நாயைப் போர்த்தினாள். மூச்சு வாங்கியது.

"கொல்லத்தான் வேணும்னா டாக்டர் கொல்லட்டும். ஊசி போட்டா அதுக்கு வலிக்காது. நீங்க தொடக் கூடாது."

அவருக்கு அது சம்மதமாக இருந்தது. சரக்கு வண்டியில் நாயை ஏற்றினார்கள். பாலிஷ்காரர் ஓட்டினார். நாயின் ரத்தமும் அவருடைய ரத்தமும் ஒரே சாக்கில் ஊறின.

கால்நடை மருத்துவர் இளைஞர். பேசி நேரத்தை வீணாக்காதவர்.

"ஊசி போட்டு முடிச்சிடுங்க டாக்டர். கடிக்குது."

"முதல்ல உங்க கையைக் கழுவுங்க. சோப்பு போட்டு, குழாய்த் தண்ணியில, கால் மணி நேரம். முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கணும்."

அவர் கழுவிக்கொண்டிருக்கும்போதே மருத்துவர் நாயின் முகத்தைத் துடைத்தார். கண்ணில் டார்ச் அடித்தார். கண்பாவை சுருங்கவில்லை. ஒரு பஞ்சு உருண்டையை அதன் முகத்துக்கு முன்னால் மேலிருந்து போட்டார். நாயின் தலை அசையவில்லை. இரண்டாவது தடவை போட்டார். அப்போதும் அசையவில்லை.

"ரெண்டு கண்ணும் போயிடுச்சு. ஆறேழு மாசமாவது ஆகியிருக்கும்."

"இல்ல டாக்டர். ஞாயித்துக்கிழமை ஒழுங்கா நடக்குது."

"ஞாயித்துக்கிழமை என்ன விசேஷம்?"

"கடை லீவு."

"லீவு நாள்ல நீங்க என்ன செய்ய மாட்டீங்க?"

கடைக்காரர் குழாயை மூடினார்.

"சாமான நகத்த மாட்டேன்."

மருத்துவர் தலையாட்டினார். "அது எண்ணி எண்ணித்தான் நடக்குது. வாசனையையும் காலடிக் கணக்கையும் மனசுல வச்சுக்கிட்டு நடக்குது. தினமும் காலையில நீங்க அதோட வீட்ட இடிச்சிட்டு வேற வீடு கட்டுறீங்க." விலாவைத் தடவிப் பார்த்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்க ரெண்டு எலும்பு உடைஞ்சு தானாவே கூடியிருக்கு. இது கோபத்துல கடிக்கல. அடி எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு தெரியல. அந்தப் பயத்துல கடிச்சிருக்கு."

பிறகு மனைவியைப் பார்த்தார். "உங்களுக்கு என்ன ஆச்சு?"

"அலமாரி சாஞ்சிடுச்சு" என்றார் கடைக்காரர்.

மருத்துவர் அவளிடமிருந்து பார்வையை எடுக்கவில்லை. அவள் நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, முடிவு சொல்லுங்க. ஊசி போடணுமா?"

"வேணாம்" என்றார் கடைக்காரர்.

அவளுக்குத் தோளின் காறை எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டார்கள். அவருக்கு அன்று முதல் தவணை ஊசி. நாய்க்கு ஒன்பது தையல்.

மறுநாள் காலை அவர் விற்பனைக்காக எதையும் இடம் மாற்றவில்லை. பின்வாசலிலிருந்து முன்படிவரை மூன்றடி அகலத்தில் ஒரு பாதையைக் காலி செய்தார். கயிற்றுப் பாயை நீளமாக விரித்து நான்கு மூலையிலும் ஆணி அடித்தார். பாய்க்கு இரண்டு பக்கமும் சாமான்களை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். பாயின்மேல் ஒரு ஸ்டூல்கூட வரக்கூடாது. தண்ணீர்த் தொட்டிக்கும் சோற்றுத் தட்டுக்கும் நிரந்தர இடம் குறித்தார். கூர்மையான மேசை மூலைகளில் சாக்குத் துணி சுற்றினார்.

ஆனால் நாய் பாயில் கால் வைக்கவில்லை. கிட்டே போகுமுன் குரல் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் குரல் கொடுத்தார். நாய் சுவரோடு ஒட்டிச் சிறுநீர் கழித்தது. ஏழு மாதமாக அந்தக் குரலுக்குப் பின்னால் அடிதான் வந்திருந்தது. இதை மட்டும் ஆணி அடித்துச் சரிசெய்ய முடியவில்லை.

அவள் சொல்லிக்கொடுத்தபடி அவர் பாயின் மறுமுனையில் தரையில் உட்கார்ந்தார். பேசிக்கொண்டே இருக்க வேண்டும்; எழுந்திருக்கக் கூடாது; கையை நீட்டக் கூடாது. அவள் ஒற்றைக் கையால் பாயின்மேல் அடிக்கு ஒன்றாக ரொட்டித் துண்டுகளை வைத்துக்கொண்டே போனாள்.

"என்ன பேசுறது?"

"எதையாவது பேசுங்க. திட்டாம பேச வராதா உங்களுக்கு?"

அவர் யோசித்துவிட்டு மர வகைகளைச் சொல்ல ஆரம்பித்தார். தேக்கு, வேங்கை, கருங்காலி. பாலிஷ்காரர் வார்னிஷ் டப்பாவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். "நாய் தச்சு வேலைக்குப் போயிடப் போவுதுண்ணே."

முதல் வாரம் நாய் வரவே இல்லை. இரண்டாவது வாரம் மூன்று துண்டு. ஒரு நாள் பாதி தூரம் வந்தபோது அவர் இருமினார். அது திரும்பி ஓடி, முட்டிக்கொண்டு, அடியை எதிர்பார்த்து அப்படியே சுருண்டது. யாரும் அடிக்கவில்லை. வெகுநேரம் அப்படியே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவருக்குக் கிடைத்த தண்டனை. ஆறாவது வாரம், ஒரு மத்தியானம், அது பாயின் கடைசிவரை வந்தது. அவர் பாதத்தை முகர்ந்தது. தான் கடித்த தழும்பிருந்த கையை முகர்ந்தது. பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு போய் முன்படியில் படுத்தது.

கடைக்காரர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "தெரியாம பண்ணிட்டேன். கண்ணு போனது மட்டும் தெரிஞ்சிருந்தா அடிச்சிருப்பேனா?"

அவள் பின்னிக்கொண்டிருந்த பிரம்பைக் கீழே வைத்தாள்.

அதன் பிறகு அவள் ஒரு மணி நேரம் அவரைக் கிழிகிழியென்று கிழித்தாள் என்றும், அவர் அவள் காலில் விழுந்தார் என்றும் பாலிஷ்காரர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்படியெல்லாம் இல்லை. அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை. சொன்னது இவ்வளவுதான்:

"கண்ணு நல்லா இருந்து, அது நெஜமாவே திமிருல முட்டியிருந்தாலும் நீங்க அடிச்சது தப்புதாங்க. ஏன்னு புரியலைன்னா நின்னு கேக்கணும். கை ஓங்கக் கூடாது. நாய்கிட்டயும் சரி, என்கிட்டயும் சரி."