வீக்கக் குளிசை

கடலோரக் குருநகரில் யோசப்பின் என்ற பெண்ணின் வீட்டுக்குள் போனால், திருஇருதயப் படத்துக்குக் கீழே உள்ள தட்டில் நீல நிறத் தகரப் பிஸ்கட் ரின் ஒன்று இருக்கும். அதற்குள் பிஸ்கட் இராது; குளிசைகள், மருந்து மாத்திரைகள்தான் இருக்கும். கனடாவில் இருக்கும் தங்கை ஜெசிதா ஊருக்கு வரும்போதெல்லாம் சொக்லேட், சவர்க்காரம், வலி எண்ணெய் என்று அடுக்கும் பெட்டியில், தன் வீட்டில் மிஞ்சிய மருந்துகளையும் திணித்துக்கொண்டு வருவாள். நல்ல மருந்தைக் குப்பையில் எறிய அவளுக்கு மனம் வராது. மனம் வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்த ரின்னால் யோசப்பினுக்கு அந்த ஒழுங்கையின் வீடுகளில் எல்லாம் ஒரு மதிப்பு இருந்தது. தலையிடியா, கால் உளைவா, எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். அவளும் இல்லையென்று சொல்லமாட்டாள். அந்தக் குளிசைகளில் பேர்போனது வீக்கக் குளிசை. ஜெசிதாவின் கணவருக்கு இளைப்பு வருத்தம், அதாவது ஆஸ்துமா, முற்றியிருந்த காலத்தில், அங்கே மருத்துவர் அளந்து கொடுத்த ஸ்டீரொயிட் குளிசை அது. அதன் பெயரை இங்கே எவரும் வாசித்ததில்லை. போட்டால் இரண்டு நாளில் வீக்கம் வற்றிவிடும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். ஏழு வீட்டுக்கு யோசப்பின் அதை அட்டையோடு கொடுத்து வைத்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவளுடைய கணவன் தேவராசா கடலால் திரும்பி வந்து வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தான். கெளிற்று மீன் ஒன்றின் முள் அவனுடைய வலது உள்ளங்கையில் ஆழமாக ஏறியது. கடற்றொழில் செய்பவனுக்கு இதெல்லாம் ஒரு காயமா? முள்ளைப் பிடுங்கிவிட்டுக் கையைக் கடல் நீரில் அலம்பி, மிச்ச மீனையும் கழற்றி முடித்தான். மறுநாள் விடியும்போது கை மணிக்கட்டு வரை வீங்கிச் சிவந்து கொதித்தது. விரல் மடங்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போய் ஒருக்காக் காட்டிப்போட்டு வரட்டே?" என்று கேட்டான்.

அப்படிக் கேட்டது தேவராசாதான். பின்னாளில் யோசப்பினை நித்திரை கொள்ளவிடாமல் செய்தது இந்த ஒரு கேள்விதான்.

"அங்கை போனால் அரை நாள் நிக்கவேணும். வாட்டிலை படுக்கச் சொல்லி மறிச்சுப்போட்டாங்கள் எண்டால் இந்தக் கிழமைத் தொழிலும் போச்சு. வீட்டிலை மருந்து இருக்கேக்கை ஏனப்பா உந்த அலைச்சல்?" என்றாள் அவள். "மூண்டு மூண்டாப் போடுங்கோ. கெதியா வத்தும்."

உண்மையாகவே வற்றியது. வெள்ளிக்கிழமை பார்த்தால் வீக்கம் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. சிவப்பு மங்கிவிட்டது, காய்ச்சலும் இல்லை. தேவராசா கடலுக்கும் போய் வந்தான். அவனோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்யும் கிறிஸ்ரோபர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, நீங்கள் ஒரு பேர்ப்பலகையைத் தொங்கவிட்டு டொக்ரர் எண்டு எழுதலாம்" என்று பகிடிவிட்டான்.

யோசப்பினுக்கு அன்று கால் நிலத்தில் நிற்கவில்லை. பாவம், அவள் யாருக்கும் கெடுதல் நினைத்தவள் அல்ல. நம்மில் பெரும்பாலானவர்கள் கெடுதல் நினைத்தா கெடுதல் செய்கிறோம்?

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெளிக்கிடும்போது தேவராசாவால் சேட்டுக்குள் கையை நுழைக்க முடியவில்லை. முழங்கை வரை ஊதா நிறக் கொப்புளங்கள். பேச்சுக் குழறியது, கண் சொருகியது. கிறிஸ்ரோபர்தான் அவனைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினான். பெரியாஸ்பத்திரியில் அன்று பின்னேரமே உயிரைக் காப்பாற்றுவதற்காக அவனுடைய வலது கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுத்தார்கள்.

மருத்துவர் ஆரபி யோசப்பினைத் தனியே கூப்பிட்டு, தேவராசா வேறு ஏதாவது மருந்து குடித்தவரா என்று கேட்டார். யோசப்பின் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த குளிசை அட்டையை எடுத்து நீட்டினாள். மருத்துவர் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அம்மா, வீக்கம் எண்டால் என்னெண்டு நினைச்சனீங்கள்?"

"வருத்தம் எண்டுதான்..."

"இல்லை. உடம்பு வருத்தத்தோடை சண்டை பிடிக்கிறதுதான் வீக்கம். எங்கடை தோலிலையும் வெள்ளை அணுக்களிலையும் சின்னச் சின்னப் புரதத் துண்டுகள் இருக்கு. பெப்ரைட் எண்டு சொல்லுறது. கிருமி உள்ளுக்கை வந்தால் அதுகளே கிருமியைக் கொல்லும். அது போதாட்டில் வெள்ளை அணுக்களையும் அந்த இடத்துக்குக் கூப்பிடும். வேலை முடிஞ்ச பிறகு அந்த அணுக்களை அடக்கிறதிலையும் அதுகளுக்குப் பங்கிருக்கு. கூப்பிட்ட கூட்டம் வந்து சேரேக்கைதான் சிவக்கும், கொதிக்கும், வீங்கும்."

யோசப்பின் விளங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். மருத்துவர் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

"கடலிலை ஒரு வள்ளம் தாழத் தொடங்கினால் அதிலை இருக்கிறவை என்ன செய்வினம்?"

"கூவுவினம் டொக்ரர். மற்ற வள்ளங்கள் ஓடி வரும்."

"கூவுறவன்ரை வாயைப் பொத்தினது இந்தக் குளிசை. டொக்ரர் அளந்து குடுத்தால் இளைப்புக்காரருக்கு இது நல்ல மருந்து. கிருமி ஏறின காயத்துக்கு, அதுவும் தனிய இதை மட்டும் குடுத்தால், வெள்ளை அணுக்கள் இரத்தத்திலையே நிண்டிடும், காயத்துக்குப் போகாது. வெளியிலை வீக்கம் வத்தினது. உள்ளுக்கை கிருமி தன்ரை பாட்டிலை ஏறினது."

"முதல் நாளே கொண்டு வந்திருந்தால்?"

"பெரும்பாலும் கை இருந்திருக்கும், அம்மா" என்றார்.

தேவராசா வீட்டுக்கு வந்த மறுநாளே யோசப்பின் ரின்னைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒப்படைத்தாள். பிறகு தான் கொடுத்த ஏழு வீட்டுக்கும் ஏறி இறங்கினாள். தேத்தண்ணி கொடுத்தார்கள், கண் கலங்கினார்கள், தேவராசாவுக்காகச் செபிப்பதாகச் சொன்னார்கள். குளிசையை மட்டும் ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

"அண்ணைக்கு அது விதி, யோசப்பின்" என்றாள் மூன்றாம் வீட்டு இராசமலர். "எனக்கு உந்தக் குளிசை நல்லா வேலை செய்தது. அந்தரம் ஆபத்துக்குக் கிடக்கட்டும்."

ஒரு மாதம் போனது. ஒருநாள் காலையில் கிறிஸ்ரோபர் நொண்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். திருக்கை முள் குத்தி, கால் பானைபோல வீங்கியிருந்தது. உள்ளே தேவராசா இடது கையால் வலையில் சிக்கெடுக்கப் பழகிக்கொண்டிருந்தான்.

"அக்கா, ரெண்டே ரெண்டு தாங்கோ. நாளைக்குக் கடலுக்குப் போகாட்டில் சரிவராது."

யோசப்பின் அவனுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீதானே கிறிஸ்ரோபர் இவரைத் தூக்கிக்கொண்டு ஓடினனீ! எல்லாத்தையும் கண்ணாலை பாத்தனீதானே! வீக்கம் எங்கடை எதிரி இல்லையடா. உடம்பு உதவிக்குக் கூப்பிடுற சத்தம் அது. வேறை ஒருத்தருக்கு எழுதின மருந்தைப் போட்டு அந்தச் சத்தத்தை நிப்பாட்டக் கூடாது. அதை நிப்பாட்டித்தான் நான் இவரின்ரை கையைக் கிருமிக்குத் தின்னக் குடுத்தனான். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ."

"ஓம் அக்கா, போறன்" என்றான் அவன். தலையைக் குனிந்துகொண்டு போனான்.

மூன்றாம் நாள் காலை யோசப்பினும் தேவராசாவும் இறங்குதுறைப் பக்கம் போனபோது கிறிஸ்ரோபர் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். இப்போது நொண்டவில்லை. அவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"கால் சுகம் அக்கா! வீக்கம் வத்திட்டுது. இராசமலரக்கா தந்தவ."

இராசமலருக்குக் கொடுத்தது யார்? யோசப்பின் அலைக்குள் இறங்கி, சேலை நனைய நனைய, "வேண்டாமடா, ஆஸ்பத்திரிக்குப் போ, திரும்பி வா" என்று கூவினாள். அவன் எஞ்சினை இழுத்தான். அந்த இரைச்சலில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான்.

கரையில் நின்ற ஒருவர், "பெடியன் நல்லாத்தானே போறான், ஏன் கத்துறியள்?" என்று கேட்டார்.

தேவராசா வெறும் சேட்டுக் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு வள்ளத்தையே பார்த்தான்.

"வீக்கம் வத்தினால் வருத்தம் மாறிப்போச்சு எண்டில்லை, அண்ணை" என்றான். "என்ரை கையும் வெள்ளிக்கிழமை நல்லாத்தான் இருந்தது."