எண்ணெய்க்குள் வந்த கடல்

என் தம்பி ஒரு கல்லுளிமங்கன். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும்.

அன்று காலை என் மெக்கானிக் பட்டறைக்கு வந்தவன், "அக்கா, என்ஜின் பிளாக் வெடிச்சிருச்சு. படகை வித்துடலாம்னு இருக்கேன். சாயங்காலம் ஆள் வர்றார்" என்றான். ஏதோ பழைய செருப்பைத் தூக்கிப் போடுகிற மாதிரி.

இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆள் ஏற்றி இறக்குகிற படகு அது. அதை விற்றால் அவன் கப்பல் வேலைக்குத்தான் போகவேண்டும். போனால் வருஷக்கணக்கில் வரமாட்டான். அவன் மகளுக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. பயந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

"வெடிச்சதை நீ கண்ணால பாத்தியா?"

"எண்ணெய் பால் காப்பி மாதிரி இருக்கு. தண்ணி கலந்துருச்சு. வேற என்னவா இருக்கும்?"

"பெரிய டாக்டரு, பாத்ததும் சொல்லிட்டாரு! நடடா."

படகில் அவன் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "நீங்களாவது கேளுங்க அண்ணி. முந்தாநாள்லேருந்து வாயே திறக்கல" என்றாள்.

என்ஜின் அறைக்குள் இறங்கி எண்ணெய் அளவுக்கம்பியை உருவினேன். பால் காப்பியேதான். கைப்பம்பின் குழாயை எண்ணெய்ச் சட்டியின் அடிவரை விட்டு உறிஞ்சினேன். முதலில் வந்தது வெறும் தண்ணீர். ஒரு சொட்டை நுனிநாக்கில் வைத்துத் துப்பினேன். உப்பு.

இந்த என்ஜினில் இரண்டு தண்ணீர் ஓடும். உள்ளே சுற்றுவது பச்சைச் சாயம் கலந்த நல்ல தண்ணீர். அதைக் குளிரவைக்க வெளியிலிருந்து வந்து போவது கடல் தண்ணீர். என்ஜினின் இரும்பு உடம்பான பிளாக் வெடித்தால் பச்சைத் தண்ணீர்தான் எண்ணெயில் இறங்கவேண்டும். பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தேன். விளிம்புவரை அப்படியே நின்றது.

"பிளாக் குத்துக்கல்லாட்டம் இருக்குடா! வந்தது கடல் தண்ணி. எப்படி வந்துச்சு?"

அவனும் குனிந்து எட்டிப் பார்த்தான்.

கடல் தண்ணீரால் எண்ணெயைக் குளிரவைக்கும் ஆயில் கூலரைக் கழற்றி, வாளித் தண்ணீரில் அமுக்கிக் காற்றடித்தேன். ஒரு குமிழி வரவில்லை. கடல் தண்ணீர்ப் பம்பிலும் கசிவில்லை. மிச்சம் இருந்தது புகைக்குழாய். கடல் தண்ணீர் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் வெளியே போகும், புகைதான் அதைத் தள்ளும். என்ஜின் பிடிக்காமல் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால் தள்ளப் புகை ஏது? தண்ணீர் தேங்கித் தேங்கி என்ஜினுக்குள்ளேயே திரும்பி எண்ணெயில் இறங்கும். அப்போதுதான் பேட்டரியைக் கவனித்தேன். அது அவனுடையதே இல்லை.

"உன் பேட்டரி எங்கடா?"

"சார்ஜுக்குப் போட்டிருக்கேன்."

"அது சாகுற அளவுக்கு எதுக்குச் சுத்தின?"

காதுமடல் சிவந்தது. "நிறுத்துற குமிழ் இழுத்தபடியே இருந்துச்சுக்கா. நான் கவனிக்கல. சுத்திக்கிட்டே இருந்துட்டேன்."

அந்தக் குமிழை இழுத்தால் டீசல் நின்றுவிடும். திரும்ப அமுக்காமல் தலைகீழாக நின்றாலும் என்ஜின் பிடிக்காது. படகு ஓட்டப் பழகும் முதல் நாளே சொல்லித் தருகிற விஷயம்.

"இதை ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீ சும்மா விடுவியா? துறை பூரா சொல்லிச் சிரிப்ப. அதுக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்?"

என் நாக்கில் பத்துக் கிண்டல் வரிசை கட்டி நின்றது. அவன் முகத்தைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. அத்தனையையும் விழுங்கிவிட்டு, "புது எண்ணெய் எடு. உப்புத் தண்ணி ஊறினா நிஜமாவே என்ஜின் போயிடும்" என்றேன்.

எண்ணெய் மாற்றி, என்ஜினைச் சூடாக ஓட்டி, மறுபடி உறிஞ்சி, மறுபடி ஊற்றினோம். ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டை நெருப்பில் காய்ச்சிய இரும்புத் தகட்டில் விட்டேன். தண்ணீர் இருந்தால் சடசடவென்று பொரியும். முதலில் நன்றாகவே பொரிந்தது. அடுத்து லேசாக. கடைசிச் சொட்டு சத்தமே இல்லாமல் பரவிப் புகைந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் வாங்க வந்தவர் கரையில் நின்று, "பிளாக் வெடிச்சதுன்னாரே?" என்று கேட்டார். அக்கம்பக்கத்துப் படகுக்காரர்களும் கூடிவிட்டார்கள்.

"கடல் தண்ணி உள்ள வந்துருச்சு, சரி பண்ணியாச்சு. படகு விக்கிறதா இல்ல" என்றேன்.

"எப்படி வந்துச்சாம்?"

"கடல்ல ஓடுற படகுங்க. வரத்தான் செய்யும்."

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு, யாரும் பிடுங்காமலே அவன் வாய் திறந்தது. "நான்தாங்க. குமிழை அமுக்க மறந்துட்டு, பேட்டரி சாகுற வரைக்கும் சுத்தினேன்."

கரையே சிரித்தது. பேட்டரி கொடுத்த பக்கத்துப் படகுக்காரர், "அட போப்பா, நான் ரெண்டு தடவை பண்ணியிருக்கேன்!" என்றார்.

தம்பியும் சிரித்தான். அவன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையை அவன் கையில் திணித்துவிட்டு, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"இதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டா எங்களை விட்டுட்டுப் போகப் பாத்தீங்க?" என்றாள்.