ஒன்றே முக்கால் மணி இடைவெளி

“அப்போ ரெண்டு வருசமா ஒரு நாள்கூட பேக்கப் எடுக்கலையா?”

“இல்ல சார். ராத்திரி பதினோரு மணிக்குத் தானா எடுக்கற மாதிரி வச்சிருக்காங்க. நீங்க ஒம்பது மணிக்கே மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுப் போயிடுறீங்களே.”

சிவப்பிரகாசம் சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்தார். மந்தாரக்குப்பத்தில் இரத்தப் பரிசோதனை நிலையம் தொடங்கிய நாளிலிருந்து, மின்கசிவுக்குப் பயந்து அதைத் தன் கையால் அணைத்த பிறகே பூட்டுவார். கம்ப்யூட்டர் ஒரு வாரமாகக் கரகரத்ததால் நான்சியைக் கூப்பிட்டிருந்தார். சர்வீஸ் கடை வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியிருந்த நான்சிக்கு அவர்தான் முதல் வாடிக்கையாளர்.

டிஸ்க் எந்த நேரமும் போய்விடலாம் என்று அவள் சொன்னதும் அவர் முகம் மாறியது.

“இன்னிக்கே எடு. ஆனா கவுண்டர் பத்து நிமிசத்துக்கு மேல நிக்கக் கூடாதும்மா. ஜனங்க வெறும் வயித்தோட நின்னுக்கினு இருப்பாங்க. நின்னுச்சுன்னா நாளைக்கி வேற ஆளப் பாத்துக்குவேன்.”

நான்சி முதலில் ஆறு மாதத்துப் பில்களின் நேரத்தைப் பார்த்தாள். ஒன்றே முக்காலிலிருந்து இரண்டு மணிவரை அநேகமாகப் பில்லே இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு ஷிப்ட் இறங்கி அடுத்த ஷிப்ட் ஏறும் நேரம். ஊர் முழுக்க பஸ்ஸில் இருக்கும்.

கவுண்டர் ஓடும்போதே மெதுவாகப் பிரதியெடுக்கத் தொடங்கினாள். பில் போடும் இசக்கியம்மாளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. எத்தனையோ பேருடைய சர்க்கரையும் உப்பும் எண்களாகி, அவள் வெளியே மாட்டியிருந்த உள்ளங்கையளவு டிஸ்க் பெட்டிக்குள் இறங்கின. ஊரே தன் இரகசியத்தை அதன் காதில் சொல்லிவைப்பது போலிருந்தது நான்சிக்கு.

ஒன்றே முக்காலுக்குக் கவுண்டரை நிறுத்தச் சொல்லி, காலையிலிருந்து சேர்ந்ததை மட்டும் எடுத்தாள். இசக்கியம்மாள் டிபன் பாக்ஸைத் திறந்து நாலு வாய்தான் சாப்பிட்டிருப்பாள்.

“முடிஞ்சுதுக்கா, பில் போடலாம்.”

“சோத்தத் திங்கவாவது விடேன்டி” என்றாள் இசக்கியம்மாள்.

கவுண்டர் நின்றது ஆறே நிமிடம். தான் கொண்டுவந்த இன்னொரு கம்ப்யூட்டரில் பிரதியைத் திறந்து, கடைசிப் பில்வரை சரிபார்த்தாள். இனி தினமும் கவுண்டர் மூடும் எட்டே முக்காலுக்கே, சுவிட்சை அணைக்கும் முன்பு, புதிதாகச் சேர்ந்தது அந்தப் பெட்டியில் பதிவாகும்படி மாற்றினாள்.

மறுநாள் காலை ஆறரைக்குச் சுவிட்சைப் போட்டபோது டிஸ்க் இரண்டு முறை ‘டிக்’கென்று தட்டிவிட்டு அடங்கிப்போனது. வாசலில் இருபத்திரண்டு பேர் நின்றார்கள். சிவப்பிரகாசத்தின் நெற்றியில் வியர்வை. இதற்குப் பயந்தே சீக்கிரம் வந்திருந்த நான்சி வயர்களையும் அந்தப் பெட்டியையும் பிடுங்கி, அங்கேயே விட்டுப்போயிருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினாள். முந்தைய நாள் இரவின் கடைசிப் பில் திரையில் வந்து நின்றது.

“டோக்கன் ஒண்ணு, வாங்க” என்றாள் இசக்கியம்மாள். மணி ஆறு முப்பத்தெட்டு.

வரிசையில் நின்றவர்களில் யாருக்கும் எதுவும் நடந்ததாகவே தெரியவில்லை. ஒரு பெரியவர் கொட்டாவி விட்டபடி சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கொட்டாவியைப் பார்த்த நான்சிக்கு, ஓர் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது போலிருந்தது.

சிவப்பிரகாசம் நான்சி கழற்றித் தந்த செத்துப்போன டிஸ்க்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்சி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“சார், இந்தத் தெருவுல கம்ப்யூட்டர் வச்சிருக்கறவங்ககிட்ட எல்லாம் நீங்களே கூட்டிட்டுப் போய் என்னை அறிமுகப்படுத்தி வைக்கிறீங்களா?”