பாகான் செராயில் பத்து அடி

என் தங்கை நல்லம்மாளை முதலில் பார்க்கிறவர்கள் யாரும் நல்லம்மாள் என்று கூப்பிட மாட்டார்கள். சீனப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி "அமோய்" என்பார்கள். வெள்ளைத் தோல், கோடு கிழித்தாற்போலக் கண், சீப்பே தேவைப்படாத நேர் முடி. அந்த முகத்தை வைத்துக்கொண்டு, "அக்கா, ஒங்க நெறத்துக்கு இந்த மாம்பழக் கலருதான் எடுக்கும், நான் சொல்றேன் கேளுங்க" என்று அவள் ஆரம்பித்தால், வந்தவர்கள் சேலையை விட்டுவிட்டு அவளையே பார்ப்பார்கள். அதற்குள் நான் சேலையை மடித்துப் பையில் போட்டிருப்பேன். ஈப்போ பழைய டவுனில் எங்கள் துணிக்கடைக்குப் பெயர்ப்பலகை தேவைப்படவில்லை. சீனப் பொண்ணு தமிழ் பேசுற கடை என்றால் எந்த டாக்சிக்காரனும் கொண்டுவந்து இறக்குவான்.

எங்கள் அப்பா, பெயர் அப்பாவு, கடை வைக்கும் முன் சைக்கிளில் துணிமூட்டை கட்டித் ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பால்மரம் வெட்டுகிற சனங்களுக்கு விற்றவர். 1960இல் ஒருநாள் பாகான் செராய்ப் பக்கம் போனவர், மூட்டை போன கூடையில் இவளை வைத்துக்கொண்டு திரும்பினார். அந்தக் காலத்தில் அது ஊர் கூடிப் பார்க்கிற விஷயமல்ல. பெண்பிள்ளை கூடிப்போனாலோ, பிறந்த வேளை சரியில்லை என்று யாராவது சொல்லிவிட்டாலோ, சீனர்கள் தமிழ்க் குடும்பத்தில் கொடுத்துவிடுவார்கள். எந்தத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலும் மாவிளக்குத் தட்டோடு ஒரு சீன முகமாவது நிற்கும்.

என்ன கொடுத்து வாங்கினார் என்பதை மட்டும் அப்பா சொல்லவில்லை. சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். அம்மா காளியம்மாவைக் கேட்டால், "ஆத்தா குடுத்தா" என்பாள். இவள் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. துணிக்காரன் மகன், எதுவும் சும்மா கைமாறாது என்று பால்குடி மறப்பதற்குள் தெரிந்துகொண்டவன். "ரெண்டு கைலிக்கு வாங்குனது இது" என்று நான்தான் கிளப்பிவிட்டேன். சண்டை வந்தால், "போடி, ரெண்டு கைலி!" அவளும் சிரிப்பாள். "அதுல ஒண்ணு சாயம் போனதாம்லா" என்று தானே சேர்த்துக்கொள்வாள். சிரிக்கிறாளே என்று நானும் விடவில்லை.

1983இல் ஆஸ்திரேலியாவில் மேல்படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. பிளேன் ஏறப் பத்து நாள் இருந்தது.

"அண்ணே, கடைய ஒரு நாலு நாள் சாத்துங்க. மலைமேல புது ரோடு போட்டிருக்கான்ல, அதுல கிளந்தான் போலாம். அந்தக் கரைக் கடல நான் பாத்ததே இல்ல."

"நாலு நாள் சாத்துனா ஊர்ல நான் திவாலுன்னு பேசுவான்."

"சன்னாசின்னு பேர வச்சுக்கிட்டு சேலைய விட்டுப் பிரிய மாட்டேங்குறீங்களே."

அப்புறம் எப்படி மறுப்பது? குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலையில் வெயில் ஏறும் முன்பே டட்சன் காரைக் கிளப்பிவிட்டோம். கோலா கங்சாரில் டீ குடித்துவிட்டு, கிரிக் போகும் பாதையில் நான் வண்டியைத் திருப்பியபோது அவள் என் கையைத் தொட்டாள்.

"இந்தப் பக்கம் வேணாம். மொதல்ல பாகான் செராய்."

"அங்க என்னா இருக்கு, நெல்லு பாக்கவா?"

"என்னப் பெத்தவங்க இருக்காங்க. அம்மா எடம் சொன்னாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அம்மா?"

"ஒங்ககிட்ட சொன்னா நீங்க வெல பேசுவீங்க."

வண்டியைத் தைப்பிங் ரோட்டுக்குத் திருப்பினேன். "பாத்து என்னா கேக்கப் போற?"

"ஒரே கேள்விதான். என்னக் குடுக்கறப்ப என்னா வாங்கினீங்க? கைலியா, அரிசியா, இல்ல ஒண்ணுமே வாங்கலியா? அது தெரியாம அவ்ளோ தூரம் போயி உக்காந்து என்னால படிக்க முடியாதுண்ணே."

"மூணு கைலின்னு சொல்லிட்டா? நான் ஒண்ணு கொறச்சுல்ல சொல்லிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. தைப்பிங்கில் ஒரு காப்பிக்கடையில் நிறுத்தச் சொன்னாள். உள்ளே போனவள் சட்டையை மாற்றி, மெரூன் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பட்டமளிப்புக்கு நான் எடுத்துக் கொடுத்தது. கொசுவத்தை நான் உட்கார்ந்து சரிசெய்து விட்டேன்.

பெற்ற கிழவி இவளைக் கட்டிக்கொண்டு அழுதால் என்ன செய்வது என்பதுதான் அங்கிருந்து என் மனதில் ஓடியது. எனக்கு இருப்பது ஒரே தங்கை.

நெல் ஆலைக்குப் பின்னால் ஒரு சந்து. முனையில் இருளாயி என்ற அம்மாள் வாழைப்பழப் பஜ்ஜி சுட்டுக்கொண்டிருந்தார். நல்லுவைப் பார்த்ததும் கரண்டி நின்றது.

"ஆத்தாடி! கெழவி மொகத்த உரிச்சு வச்சிருக்கே! அந்தப் பச்சக் கதவுதான், போங்க. ஹொக்கியன் தவிர வேற பேச்சு வராது அதுக்கு. மகன் லோரி ஓட்டப் போயிட்டான்."

என் ஹொக்கியன், சீன வாடிக்கைகளிடம் பொறுக்கிய கடை ஹொக்கியன். நீளம், அகலம், நிறம், நல்ல சரக்கு, கடைசி விலை. தாய்க்கும் மகளுக்கும் இடையில் வைத்துப் பேச அதில் அதிகம் இல்லை. கதவைத் திறந்த கிழவியின் கையெல்லாம் தவிடு. சட்டைத் தோள் கிழிந்து ஊக்கு குத்தியிருந்தது. "உன் மகள்" என்றேன்.

கிழவி அழவில்லை. நல்லுவைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள். சேலைக் கரையைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் தோள் கிழிசலைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நின்றோம். ஐந்தாறு நிமிடம் போயிற்று.

"அண்ணே, கூப்பிட்டுப் பாருங்க."

நான் கூப்பிடவில்லை. கதவு சாத்தின வீட்டின் முன் நின்று கெஞ்சினால் சரக்கு மலிந்துவிடும் என்பது எங்கள் அப்பா சைக்கிள் ஓட்டிக் கற்ற பாடம். அந்த இடத்தில் மூட்டையைக் கட்ட வேண்டும். எனக்கென்ன என்று நடக்க வேண்டும். பத்து அடிக்குள் கூப்பிடுவார்கள். கூப்பிடாத வீட்டை நான் கண்டதில்லை. "சரி, போலாம் வா" என்று உள்ளே கேட்கும்படி ஹொக்கியனில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் சத்தமாகச் சொல்லிவிட்டு அவள் முழங்கையைப் பிடித்து நடந்தேன். மனதுக்குள் எண்ணிக்கொண்டே போனேன். பத்து. பதினைந்து. கார் வந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் நிக்கலாம்ணே."

"வேணுமின்னா கூப்பிட்டிருப்பாங்கல்ல. ஏறு. சாயங்காலம் கிரிக்ல ரோட்ட அடச்சுருவான்."

அப்போது காலை மணி பத்தரை.

கிரிக் தாண்டியதும், இருட்டும் முன் மலைரோட்டை அடைக்கிற ராணுவச் சாவடி. சிப்பாய்ப் பையன் அவளுடைய அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "மூகா சீனா, நாமா இந்தியா?" என்று சிரித்தான். சீன முகத்துக்கு இந்தியப் பெயரா என்று இவளை எல்லோரும் கேட்பதுதான். அதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருப்பாள். அன்று அட்டையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். கிளந்தானில் கோத்தா பாருவில் இரண்டு நாள் இருந்தோம். கடற்கரையில் அவளுக்குப் பொரித்த மீன் வாங்கிக் கொடுத்தேன். நல்லு சிரிப்பதற்காகவே மீன்காரியிடம் அரை மணி நேரம் பேரம் பேசினேன். மீன்காரி சிரித்தாள்.

திரும்பும்போது கோலா கங்சார் வந்தது. "பாகான் செராய் வழியா போங்க" என்றாள். சுற்று வழி என்று தெரிந்தும் திருப்பினேன்.

பச்சைக் கதவில் பூட்டுத் தொங்கியது. இருளாயி எங்களைக் கண்டதும் அடுப்பை விட்டு எழுந்து வந்தார்.

"எங்க தம்பி ஓடிப் போனீங்க? கெழவி சட்ட மாத்தத்தானே உள்ள போச்சு! பெருநாளுக்குப் போடுற சட்ட. தலைய நனச்சு சீவி, ரெண்டு கோப்பையில டீ ஊத்தி எடுத்துக்கிட்டு வந்து கதவத் தொறக்குது, ஒங்க காரு சந்து முக்குல திரும்புது. ஓடுச்சு பாவம், செருப்பில்லாம. கோப்ப ரெண்டும் கையிலயே இருக்கு. நானும் கத்துனேன்."

நல்லு அன்று சேலை கட்டாமல் சாதாரணச் சட்டையில் நின்றாள். "இப்ப எங்க அவங்க?"

"ரோட்டுலயே உக்காந்து அழுதுச்சு. பொழுது சாய மகன் வந்தான், அவனுக்கு இந்த சங்கதியே தெரியாது போல. ஒரே சத்தம். மறுநாள் சட்டி பானையோட தாயத் தூக்கி லோரில வச்சுக்கிட்டுப் போயிட்டான். எங்கடான்னு மலாய்ல கேட்டேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்."

"என்னக் குடுத்தப்ப என்னா வாங்கினாங்கன்னு ஒங்ககிட்ட எப்பவாச்சும் சொன்னாங்களா?"

"எனக்கு அது பேச்சு தெரியாது தாயி, அதுக்கு என் பேச்சு தெரியாது. இருவது வருசமா கைய ஆட்டித்தான் பேசிக்கிறோம்."

சந்திலிருந்த நாலு வீட்டிலும் ஆலையிலும் விசாரித்தேன். எனக்குத் தெரிந்த எல்லாப் பாஷையிலும் கெஞ்சினேன். யாருக்கும் தெரியவில்லை. காருக்கு வந்தபோது நல்லு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். முன்கதவைத் திறந்துவிட்டேன். அவள் நகரவில்லை. மூடிவிட்டு ஓட்டினேன்.

தைப்பிங் தாண்டியதும் கேட்டாள்: "எதுக்குண்ணே அன்னிக்கு நடந்தீங்க?"

"கூப்பிடுவாங்கன்னுதான். பத்து அடி நடந்தா யாரா இருந்தாலும் கூப்பிடுவாங்க. அப்பா அப்பிடித்தான்…"

"நடந்தது சரி. கார எதுக்கு எடுத்தீங்க?"

கண்ணாடியில் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாவது அடிக்குப் பிறகு கிழவி கூப்பிடாத ஒவ்வோர் அடியிலும் எனக்கு மனசு லேசாகிக்கொண்டே வந்தது. அதை எந்தப் பாஷையில் சொல்வது?

"ரோட்ட அடச்சுருவான்னு…" என்றேன்.

"ம்" என்றாள்.

அம்மா கேட் அருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். கடலைப் பற்றிக் கேட்கவில்லை. "பாத்தியா?" என்றாள்.

"இல்லம்மா. வீடு மாறிப் போயிட்டாங்களாம். அண்ணே எவ்ளோ தேடுனாங்க தெரியுமா? ஒரு வீடு விடல."

அம்மா என் தோளைத் தடவி, "பாவம்டா, சாப்பிட வா" என்றாள். நான் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் உள்ளே போனேன்.