சொல்லிக் கொடுத்த உப்பு

தூய எரோணிமுஸ் ஆண்கள் மேல்நிலைப்பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் அந்த வருடம் ஒரு சோதனைக் குழாய்கூட உடையவில்லை. எதுவுமே உடையவில்லை என்றால் யாரும் எதையும் தொடவில்லை என்று அர்த்தம். வேதியியல் ஆசிரியர் மரியராஜுக்கு அது தெரியும்.

காரணம் தங்கப் பிரிவு. பிளஸ் டூ மாணவர்களில் கெட்டிக்காரர்களைப் பொறுக்கியெடுத்து, விடியும்போது உள்ளே இழுத்து, இருட்டிய பிறகு வெளியே விடும் வகுப்பு அது. குறி, மருத்துவ நுழைவுத் தேர்வு. நடத்துவது வெளியூர்ப் பயிற்சி நிறுவனம். செய்முறைப் பாடவேளைகளையெல்லாம் மாதிரித் தேர்வுக்கென்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மரியராஜின் மகன் ஜெய்சனும் தங்கப் பிரிவில்தான் இருந்தான்.

செய்முறைத் தேர்வு நெருங்கியதும் மரியராஜ் தலைமையாசிரியர் ஃபாதர் சவரிநாதனிடம் போய் நின்றார்.

"ஃபாதர், பசங்க பர்னரைப் பத்த வச்சதே கெடையாது. ஒரு வாரம் குடுங்க, பழக்கிடுறேன்."

"ஒரு வாரமா? அம்புட்டு மாடல் டெஸ்ட்டும் போயிருமே சார்!" ஃபாதர் சிரித்தார். "எப்பவும் செய்றதுதானே? எந்த மேசைக்கு எந்த உப்புன்னு முன்னாடியே சொல்லிருங்க. மனப்பாடம் பண்ண இவங்களுக்குச் சொல்லியா தரணும்? உங்க மகனும் இருக்கான். யோசிச்சுப் பாருங்க."

தேர்வில் ஒவ்வொரு மாணவனுக்கும் ஏதாவது ஓர் உப்பு பொட்டலமாக வரும். அமிலம் விட்டு, சூடாக்கி, அது என்ன உப்பு என்று அவனே கண்டுபிடிக்க வேண்டும். தேறாத பையன்களுக்கு உப்பின் பெயரை முன்கூட்டியே காதில் போடுவது அந்தப் பள்ளியில் பழைய வழக்கம். இந்த வருடம் முதல் வரிசைப் பையன்களுக்கே அது தேவைப்பட்டது.

மரியராஜ் யோசித்துப் பார்த்தார். சொல்லிக் கொடுத்துவிட்டார்.

ஜெய்சனுக்குக் கால்சியம் கார்பனேட். அதைவிடச் சுலபமான உப்பு கிடையாது. "நீர்த்த அமிலத்தை விட்டா நுரைச்சுப் பொங்கும். அதைப் பார்த்துட்டு மிச்சத்தை எழுதிட்டு வந்துரு" என்றார். அவன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "சரிப்பா" என்றான்.

தேர்வு நாள். மகன் எழுதும் அறையில் அப்பா தேர்வாளராக இருக்கக் கூடாது. எனவே உள் தேர்வாளர் பொறுப்பு இன்னொரு வேதியியல் ஆசிரியரான ஹாலாஸ்யத்துக்குப் போனது. மரியராஜ் பக்கத்துத் தயாரிப்பு அறையில் உட்கார்ந்தார். இரண்டு அறைக்கும் நடுவில் கம்பி போட்ட ஒரு ஜன்னல் இருந்தது.

வெளித் தேர்வாளராக வழக்கமாக வருபவர் செல்லூர்க்காரர். பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிற நல்ல மனிதர். இந்த முறை வந்தவர் மேலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஸ்யாமளா. கொடுத்த காபியைக்கூட அவர் தொடவில்லை.

தேர்வு தொடங்கிய சிறிது நேரத்தில் ஹாலாஸ்யம் வேர்த்து வழிய தயாரிப்பு அறைக்குள் வந்தார்.

"சார், அந்தம்மா வரிசையைத் தலைகீழா மாத்திட்டாங்க. கடைசி மேசை உப்பு முதல் மேசைக்குப் போயிருச்சு."

"பசங்களுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? பொட்டலத்துல நம்பர்தானே இருக்கு. சொல்லலாம்னா, அங்க என்னை ஒட்டியே நிக்கிறாங்க." ஹாலாஸ்யம் முகத்தைத் துடைத்தார். "நாலு மார்க் கொறையும். விடுங்க சார்."

அவர் போய்விட்டார். மரியராஜ் ஜன்னலுக்கு வந்தார்.

ஆய்வகம் அமைதியாக இருந்தது. சந்தேகம் வந்த பையன் யாராவது கையைத் தூக்குவான், பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பான் என்று எதிர்பார்த்தார். ஒருவனும் அசையவில்லை. தங்கள் உப்பு என்னவென்று எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தப்பாகத் தெரியும்.

ஜெய்சன் நடு வரிசையில் நின்றான். குழாயில் உப்பைப் போட்டு, நீர்த்த அமிலத்தை விட்டான். நுரை வரவில்லை. ஆட்டினான். இன்னும் கொஞ்சம் விட்டான். குழாய் கம்மென்று இருந்தது.

பக்கத்தில் இருந்த கிரீஷ் கிசுகிசுத்தான். "மாப்ள, என்னோடது பொங்குதுடா. பொங்கக் கூடாதே!"

"என்னோடது பொங்கணும்டா. பொங்க மாட்டேங்குது."

"பேசாதீங்க!" ஸ்யாமளாவின் குரல் அறையின் கோடியிலிருந்து வந்தது.

ஜெய்சன் உதட்டைக் கடித்தான். உப்பு தப்பாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அப்பா சொன்ன உப்பு. அப்படியானால் அமிலத்துக்குத்தான் வேகம் போதவில்லை. பொட்டலத்தில் மிச்சமிருந்த உப்பைப் புதுக் குழாயில் கொட்டினான். கை நீண்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்த தடித்த கண்ணாடி மூடி போட்ட பாட்டிலை எடுத்தது.

அடர் கந்தக அமிலம்.

மரியராஜின் விரல்கள் ஜன்னல் கம்பியை இறுக்கின. சொட்டுச் சொட்டாக விட வேண்டியதை ஜெய்சன் கால் குழாய்க்கு ஊற்றினான். நேராகத் தீயில் காட்டினான். இன்னும் நுரை வரவில்லையே என்று குனிந்து, குழாயின் வாய்க்கு மேலே கண்ணை வைத்துப் பார்த்தான்.

கத்தினால் எல்லாம் போய்விடும். தேர்வு ரத்தாகும், அறையில் நிற்கிற அத்தனை பேரின் வருடமும் போகும், தன் வேலையும் போகும். ஹாலாஸ்யம் திரும்பிப் பார்த்தால் போதும். ஸ்யாமளா இரண்டடி முன்னால் வந்தால் போதும். மரியராஜ் காத்திருந்தார். இருவரும் அசையவில்லை. குழாயின் அடியில் ஒரு குமிழி புரண்டது.

"ஜெய்சா! கண்ணை எடுடா! அது கார்பனேட் இல்ல!"

ஜெய்சன் திடுக்கிட்டு அப்பாவின் குரல் வந்த பக்கம் திரும்பினான். அவன் கையிலிருந்த குழாயும் திரும்பியது. சூடாக்கும்போது குழாயின் வாய் ஆளில்லாத பக்கம் இருக்க வேண்டும் என்பது ஆய்வகத்தின் முதல் நாள் பாடம். அந்த முதல் நாள் இவர்களுக்கு வரவே இல்லை.

குழாய் குபுக்கென்று கக்கியது.

அலறியது கிரீஷ்.

மரியராஜ் ஓடி வருவதற்குள் ஸ்யாமளா கிரீஷின் தலையைப் பிடித்துத் தண்ணீர்க் குழாயடியில் அழுத்தியிருந்தார். தண்ணீர் கொட்டியது. "கண்ணைத் திறப்பா... திறந்து வையி" என்று அவர் கெஞ்சக் கெஞ்ச, கிரீஷின் இடது இமை மட்டும் திறக்க மறுத்தது. ஹாலாஸ்யம் ஆம்புலன்ஸை அழைத்துக்கொண்டே வெளியே ஓடினார்.

ஸ்யாமளா தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "கார்பனேட் இல்லன்னு கத்துனீங்களே. அவன் கார்பனேட்னு நெனச்சுட்டு இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மரியராஜ் வாயைத் திறப்பதற்குள் மகன் குரல் வந்தது. 

"அப்பா, நீங்க அதுதானப்பா சொன்னீங்க?"

வாசலில் ஃபாதர் சவரிநாதன் வந்து நின்றிருந்தார். வெள்ளை அங்கியில் ஒரு சுருக்கம் இல்லை.

"பையன் பயத்துல உளர்றான் மேடம்" என்றார் நிதானமாக. "அடிபட்ட பையனை நாங்க பார்த்துக்குறோம். அடுத்த பேட்ச் வெளிய நிக்குது. நீங்க தேர்வை நடத்துங்க. என்ன மரியராஜ் சார், உளர்றான்தானே?"

அறையில் நீலத் தீ வரிசையாக எரிந்துகொண்டிருந்தது. அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு தீக்குப் பின்னாலும் ஒரு பையன் குழாயைக் கையில் பிடித்தபடி மரியராஜையே பார்த்தான். குழாய்களின் வாய்கள் எந்தெந்தப் பக்கமோ திரும்பியிருந்தன.

"உளறல ஃபாதர்" என்றார் மரியராஜ். "எல்லாருக்கும் நான்தான் சொன்னேன். யாரும் அசையாதீங்கடா. வாரேன். ஒவ்வொருத்தன் குழாயா நானே வாங்கிக்கிறேன்."

முதல் மேசையை நோக்கி நடந்தார். அவர் கையை நீட்டியதும் அந்தப் பையன் பயந்து ஓர் அடி பின்வாங்கினான்.