கிராங்க் கழற்றும் படலம்

ஜெயசீலனின் வண்டியை யாராவது சைக்கிள் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அவருக்குக் கோபம் வருகிற விஷயம் உலகத்தில் அது ஒன்றுதான். அது ரோடு பைக். ஜப்பான்காரன் செய்தது, வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர். டில்லி சாணக்கியபுரியில் ஒரு தூதரக அதிகாரி ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கி வைத்திருந்தார். அமைச்சகத்தில் பிரிவு அலுவலர் வேலை. வாரம் முழுக்க "யெஸ் சார்" என்றே காலத்தை ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வண்டியில் ஏறி ஆர்.கே.புரத்திலிருந்து இந்தியா கேட் வரை மிதிக்கும்போது மட்டும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சிக்னலில் கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார்கள். மனுஷன் உயிரோடு இருப்பதே அதற்காகத்தான்.

இந்த மழைக்காலத்தில் பாலத்தடியில் தேங்கிய தண்ணீரில் இறங்கி வந்ததிலிருந்து, மிதிக்கும்போது அடியில் கறக் கறக் என்று சத்தம். பேரிங் போய்விட்டது. அதை மாற்றவேண்டுமானால் பெடல் மாட்டியிருக்கும் கைகளை, அதாவது கிராங்கை, முதலில் அச்சிலிருந்து கழற்ற வேண்டும். ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்கினார். எல்லாரும் சுத்தியலைத்தான் எடுத்தார்கள். ஒரு கடைக்காரர் மட்டும் உண்மையைச் சொன்னார்: இந்த மாடல் கிராங்க் இப்போது எங்கேயும் வருவதில்லை, இது கெட்டுப்போனால் வண்டியைச் சுவரில் மாட்டி அழகு பார்க்க வேண்டியதுதான்.

ஜெயசீலன் பயந்துபோய், தானே கழற்றுவது என்று முடிவு செய்தார். அதற்கென்று இருக்கிற புல்லர் என்ற கருவியை வரவழைத்தார். வாரக்கணக்கில் வீடியோ பார்த்தார். எல்லா வீடியோவிலும் ஒரே எச்சரிக்கை: புல்லரை முதலில் கையாலேயே கிராங்கின் திருகு மரைக்குள் கடைசி வரை திருகி இறக்க வேண்டும், அதற்கப்புறம்தான் ஸ்பேனர். கிராங்க் அலுமினியம், புல்லர் இரும்பு. பாதி இறங்கிய நிலையில் பலம் கொடுத்தால் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும்.

சனிக்கிழமை காலை, குவார்ட்டர்ஸ் படிக்கட்டுக்குக் கீழே வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, போல்டைக் கழற்றி, புல்லரை இரண்டு சுற்று திருகியிருப்பார். வாக்கிங் முடித்து வெள்ளை ஷூவோடு வந்து நின்றார் துணைச் செயலர் தர்மன். பொள்ளாச்சிக்காரர். ஜெயசீலனின் வேலையைப் பற்றி வருஷா வருஷம் மதிப்பீடு எழுதுகிறவர்.

"என்னப்பா ஜெயசீலா, வண்டிக்கு ஆபரேஷனா?"

"யெஸ் சார். கிராங்க் கழட்டுறேன் சார்."

"தள்ளு. எங்கப்பாரு மில்லுல ஃபிட்டரு. இதெல்லாம் எனக்கு ரத்தத்துலயே இருக்குது."

ஜெயசீலன் முக்காலியிலிருந்து எழுந்துகொண்டார். தர்மன் அதில் உட்கார்ந்துகொண்டார்.

அலுவலகத்தில் மேலதிகாரி தப்பு செய்தால் அதைத் தடுக்க ஒரு வழி உண்டு. வாயால் சொல்லவே கூடாது. 'முந்தைய நிலைப்பாடு வேறாக இருந்தது கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது' என்று ஒரு குறிப்பு எழுதிக் கோப்பை மேலே அனுப்பிவிட்டால் போதும். யார் கொண்டுவந்தது என்று அதில் இருக்காது. நான்கு நாள் கழித்துக் கோப்பு திரும்பி வரும்போது, தப்பைக் கண்டுபிடித்ததே மேலதிகாரிதான் என்று ஆகியிருக்கும். இந்த வித்தையில் ஜெயசீலனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் படிக்கட்டுக்குக் கீழே கோப்புக்கு எங்கே போவது? வாயாலேயே முயன்று பார்த்தார்.

"சார், இதை இன்னும் கொஞ்சம் உள்ள இறக்கணும்ங்கிற மாதிரியும் ஒரு கருத்து இருக்கு சார்."

"யாரோட கருத்து?"

"பொதுவா சார்."

"பொதுவாப் பேசறவனுக்கு வேலை தெரியாதப்பா. அந்த ஸ்பேனரக் குடு, ஜல்தி."

கொடுத்தார்.

முதல் மாடி பால்கனியில் சீருடையை உலர்த்திக்கொண்டிருந்தாள் ஜெயசீலனின் மனைவி வினோலியா. மருத்துவமனையில் நர்ஸ். வாரக்கணக்கில் அந்த வீடியோக்களைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் எல்லாம் மனப்பாடம். "ஏங்க, முழுசா உள்ள போகணும்னுல்லா சொன்னீங்க?" என்று மேலேயிருந்து சத்தம் கொடுத்தாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் தர்மன்.

"டீ போடவான்னு கேக்குறா சார்."

"அச்சா. சக்கரை கம்மியா."

டீயோடு இறங்கி வந்தவள் புருஷனைத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள். "எங்க வார்டுல பெரிய டாக்டரே மருந்து அளவத் தப்பாச் சொன்னாலும் அந்த இடத்துலயே திருப்பிக் கேப்போம். இல்லன்னா ஆளு போயிருவாருல்லா."

"இது ஆளா வினோ?"

"உங்களுக்கு ஆளுதான். போய்ச் சொல்லுங்க."

ஜெயசீலன் போனார். தர்மன் எழுந்து நின்று, உடம்பின் கனத்தையெல்லாம் ஸ்பேனரின் மேல் போட்டுக்கொண்டிருந்தார். "பாத்தியா, அசையுது!" என்றார். அசைந்தது கிராங்க் இல்லை, புல்லர். அது சாய்ந்து வெளியே வருவது ஜெயசீலனுக்கு நன்றாகத் தெரிந்தது. இன்னும் நேரம் இருந்தது. நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தார்.

"சார்..." என்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

டப்பென்று புல்லர் தெறித்துச் சிமென்ட் தரையில் விழுந்தது. அதன் பற்களில் அலுமினியம் சுருள் சுருளாகச் சிக்கியிருந்தது. கிராங்க் இருந்த இடத்திலேயே இருந்தது. ஜெயசீலன் குனிந்து துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மரை இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. யாரும் இல்லாவிட்டால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார்.

தர்மன் கெட்ட மனிதர் இல்லை. முகம் சுருங்கிப்போனது. "சரியா உள்ள இறங்கலியோ?"

"ஆமா சார்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார்."

"பின்ன ஏம்ப்பா சொல்லல? நானென்ன புலியா சிங்கமா? சொன்னாக் கேக்க மாட்டனா? ஆபீஸ்லயும் இதே கதைதான். எல்லாத்தையும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு வாயவே தொறக்க மாட்டேங்கற. உங்கிட்ட இருக்கற ஒரே குறை இது. மாத்திக்கோணும், என்ன?"

வினோலியா டீத் தம்ளரைப் பிடித்தபடி புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னேன், நீங்கள்தான் கேட்கவில்லை, என் வண்டி போச்சு. ஜெயசீலன் சொல்ல வேண்டியது அவ்வளவுதான், சின்ன வாக்கியங்கள். அவற்றைச் சொல்லும்படி மேலதிகாரியே உத்தரவு போட்டிருக்கிறார், இதைவிட நல்ல சமயம் எந்த அரசு ஊழியனுக்கு வாய்க்கும்?

"மாத்திக்கிறேன் சார்," என்றார் ஜெயசீலன்.

தர்மனுக்கு மனசு லேசாகிவிட்டது. டீக்குக் கையை நீட்டியவர், உள்ளங்கையெல்லாம் கறுப்பு கிரீஸ் என்பதைக் கவனித்து, துடைக்க ஒரு துணி இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். வினோலியா அசையவில்லை. ஜெயசீலன் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினார். நல்ல துணியாகப் பார்த்து எடுத்துவந்தார்.